சேகருக்கு அழுதவள்

கிட்ட வந்து உட்காருங்க, கண்ணுங்களா. அந்த ஓரத்தில் ஈரம் இருக்கிறது, இப்படி நகர்ந்து வாங்க. சாலம்மாள் கதையை ஒருநாள் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன் இல்லையா? இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். நடுவில் நான் நிறுத்தினால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்வேன்.

கச்சிராயபாளையத்துப் பக்கம், கோமுகி அணைக்குக் கீழே, கல்வராயன் மலை தலைமாட்டில் நிற்கிற ஒரு சின்ன ஊர். ஊரைச் சுற்றிக் கரும்பு. கரும்பெல்லாம் நாராயணசாமி வகையறாவுடையது. வெட்டுகிற கை மட்டும் சாலம்மாள் தெருக்காரர்களுடையது. சாலம்மாளும் கரும்பு வெட்டினாள், நாற்று நட்டாள், களை எடுத்தாள். ஆனால் சுற்றுவட்டாரத்தில் அவள் பேர் தெரிந்தது அதனால் அல்ல. சாவு விழுந்தால் முதலில் மேளத்துக்குச் சொல்லி அனுப்புவார்கள், அடுத்தது சாலம்மாளுக்கு. அவள் வந்து தலையை விரித்துப்போட்டு ஒப்பாரி எடுத்தால், செத்தவரோடு ஜென்மப் பகை வைத்திருந்தவனும் துண்டால் கண்ணைத் துடைப்பான்.

அவளுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவது பிறந்ததும், எமனுக்கு இது வேண்டாத பிள்ளை என்று தோன்றவேண்டுமே என்று, குப்பைமேட்டில் போட்டு உருட்டி எடுத்தாள். வலது மூக்கில் குத்தி ஒரு செப்பு வளையம் போட்டாள். அங்காளம்மன் கோயிலில் அம்மனுக்குக் காவலாக நிற்கிற பாவாடைராயனிடம் போய், “இது உம் புள்ள, நான் வளக்கறன், அவ்வளவுதான்” என்று சொல்லி, அந்தச் சாமி பேரையே வைத்தாள். பாவாடை. கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளையைக் கூட்டிவந்து அந்த மூக்கு வளையத்தை உன் காலடியில் போடுகிறேன் என்பது வேண்டுதல். பையன் வளர்ந்ததும் வளையத்தைக் கழற்றிவிட்டார்கள். மூக்கில் ஒரு தழும்பு மட்டும் நின்றது. வளையம் அவள் முந்தானை முடிச்சிலேயே இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஆம்பிளைக்குப் பாவாடை என்று பேர் வைப்பது புதிதில்லை. தெருவுக்கு ஒருத்தன் இருப்பான். கூப்பிட்டால் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

பட்டணத்தில் சிரித்தார்கள்.

அவன் பட்டணம் போனதும் ஆசைப்பட்டு இல்லை. ஒரு வருஷம் வெட்டுக்கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டு, தெருவே கத்தியைக் கீழே வைத்தது. நாராயணசாமி ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. அடுத்த வாரம் வெளியூர் ஆட்கள் லாரியில் வந்து இறங்கினார்கள். கரும்பு வெட்டுப்பட்டுப் போய்விட்டது. தெருவில் அடுப்புதான் எரியவில்லை. அந்த வருஷம் இளவட்டம் பாதி சென்னைக்குப் பஸ் ஏறியது. பாவாடையும் ஏறினான்.

முதலில் ஊர்க்காரர்களோடுதான் கட்டட வேலை செய்தான். அங்கே மேஸ்திரி அவன் பேரைக் கூப்பிடும்போதெல்லாம் சித்தாள் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். “பாவாட காயுது, எடுத்து மடிச்சி வையுங்கடீ” என்று ஒருத்தி சொல்ல, அதுவே தினப்படிப் பேச்சாகிவிட்டது. வயசுப் பையன், எத்தனை நாள் தாங்குவான்? ஒருநாள் ஊர்க்காரர்களிடம் சொல்லாமல் அந்த இடத்தை விட்டுவிட்டான். அடையாற்றுக்கு அந்தண்டை உயரமாக ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே போய் வேலை கேட்டான். பேர் என்ன என்றார்கள். “சேகரு” என்றான்.

இது சாலம்மாளுக்குத் தெரியாது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிட்டேன். அவளுக்குத் தெரியாமல் இருந்ததுதான் கதை.

வீட்டுக்கு வீடு போன் இல்லாத காலம் அது. மாசி பிறந்தது. அங்காளம்மனுக்கு மயானக்கொள்ளைத் திருவிழா நெருங்கியது. பையன் வரவில்லை. அம்சவள்ளி என்று சொந்தத்திலேயே ஒரு பெண்ணைப் பேசி முடித்திருந்தார்கள். திருவிழாவில் வேண்டுதலைச் செலுத்திவிட்டால் சித்திரையில் கல்யாணம். பட்டணத்திலிருந்து வந்த மாயவன் என்கிற பையன்தான் சொன்னான்: “அடையாறு தாண்டி ஒரு பெரிய பில்டிங்கு ஏறிக்கினு இருக்குது பெரிம்மா. அங்கதான் ஒருநாள் சாரத்து மேல அவன மாதிரி பாத்தன். கை ஆட்டனன், பாக்கல.”

“நானே போய்க் கூட்டியாறன்” என்று சாலம்மாள் கிளம்பிவிட்டாள். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறும்போது அம்சவள்ளி ஓடிவந்து ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தாள். “இன்னாடி?” “பொரிவிளங்கா உருண்ட. எங்கம்மா குடுத்தாங்க.” “உங்கம்மா குடுத்தாளா, நீ குடுத்தியா?” பெண் திரும்பி ஓடிவிட்டாள்.

பட்டணத்தில் கேட்டுக் கேட்டு டவுன் பஸ் மாறினாள். பாலம் தாண்டினதும் பஸ் நின்றுவிட்டது. முன்னால் கண்ணுக்கெட்டிய மட்டும் வண்டிகள்.

“எவனோ பில்டிங்லருந்து வுழுந்து செத்துட்டானாம், மறியலு” என்றார் கண்டக்டர்.

“செத்தவன் போய்ச் சேந்துட்டான். நம்ம பொழப்புல ஏன் மண்ணு போடறானுங்க?” என்றார் ஒருவர். “லேட்டா போனா எனக்கு அர நாள் சம்பளம் பிடிப்பாங்க” என்று ஒரு பெண் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சாலம்மாளுக்கும் கோபம்தான். பிள்ளை இருக்கிற இடத்துக்கு இத்தனை கிட்டே வந்து இப்படி மாட்டிக்கொண்டோமே என்று. இறங்கி நடந்தாள்.

சாலை நடுவில் ஒரு பாடை. அதில் வைக்கோல் திணித்த உருவம், மேலே ஒரு வேட்டி. சுற்றிலும் சிமெண்டுத் தூசி படிந்த ஆண்களும் பெண்களும். “சேகர் சாவுக்கு நியாயம் வேண்டும்” என்று கோஷம். பின்னால் கட்டடம் சாரம் போர்த்தி நின்றது. மாயவன் சொன்ன கட்டடம் அதுதான்.

“கண்ணு, இங்க பாவாடைன்னு ஒரு பையன் வேல செய்யறானா?” என்று ஒரு வாலிபனைக் கேட்டாள்.

அவன் சாவுக்கு வந்த இடம் என்பதையும் மறந்து சிரித்துவிட்டான். “பாவாட வேணும்னா டி.நகர் போம்மா. இது பில்டிங்கு.”

“தூ, வயசு பாத்துப் பேசுடா” என்று அவனை அதட்டிக்கொண்டு ஒரு சித்தாள் வந்தாள். ரங்கம்மாள் என்று பேர். சாலம்மாளை நிழலுக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தாள். “அப்பிடி யாரும் இங்க இல்லியே, யக்கா. வேற சைட்டா இருக்கும். மறியல் முடியட்டும், நானே விசாரிச்சுச் சொல்றன்.”

“செத்தது யாரும்மா?”

“சேகருன்னு ஒரு புள்ள. சாரம் கட்றவன். முந்தாநாளு கயிறு அறுந்து மேலருந்து வுழுந்துட்டான். கம்பெனிக்காரன் இன்னாடான்னா, அவன் எங்க ஆளே இல்லன்றான். பொணம் ஆஸ்பத்திரில கெடக்குது.”

“பெத்தவ வரலியா?”

“ஊரு தெரிஞ்சாத்தான? ஊரக் கேட்டா சிரிச்சிக்கினே பேச்ச மாத்திடுவான். தெக்கத்தி பஸ்ஸுல வந்தவன்னு மட்டுந்தான் தெரியும்.” ரங்கம்மாள் மூக்கை உறிஞ்சினாள். “எங்களுக்குக் கோஷம் போடத் தெரியுது, யக்கா. அழுவத் தெரியல. நாங்கள்லாம் இங்கியே பொறந்து வளந்தவளுங்க. பாட ஒண்ணு கட்டி வெச்சிட்டு, சுத்தி நின்னு பாத்துக்கினு இருக்கறோம்.”

சாலம்மாளுக்கு அது பொறுக்கவில்லை. பெற்றவள் வரவில்லை, ஊர் வரவில்லை, ஒப்பாரிகூட இல்லாமல் ஒரு பிள்ளை போவதா? பொட்டலத்தை ரங்கம்மாள் கையில் கொடுத்தாள். கூந்தலை அவிழ்த்துப்போட்டுக்கொண்டு வைக்கோல் உருவத்தின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். பெண்கள் சுற்றி வந்து தோளோடு தோள் சேர்த்துக் குந்தினார்கள்.

கண்ணுங்களா, ஒப்பாரி எப்படி என்றால், அடுத்த வீட்டுச் சாவுக்கு அழுவதற்கும் தன் வீட்டுத் துக்கத்தைத்தான் எடுத்து வைக்கவேண்டும். முன்பின் தெரியாத பிள்ளைக்கு என்ன சொல்லி அழுவாள்? தன் பிள்ளையைச் சொல்லித்தான் அழுதாள்.

“குப்பையில உருட்டி எடுத்து – கண்ணே உனக்குக்
குறுமூக்குக் குத்தி வெச்சேன்
எமன் கண்ணு படாதிருக்க – கண்ணே உனக்கு
எங்க சாமி பேரு வெச்சேன்
மூக்குத் தழும்பிருக்க – கண்ணே நீ
மொகம் மறைஞ்சு போனதெங்க?”

கோஷம் நின்றது. பஸ்ஸுகளில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். ரங்கம்மாள் மாரில் அடித்துக்கொண்டிருந்த கை பாதியில் நின்றுபோயிற்று.

“யக்கா,” என்றாள். “நிறுத்துங்க யக்கா. அந்தத் தழும்பு எந்தப் பக்கம்?”

“சோத்தாங்கைப் பக்கம்” என்றாள் சாலம்மாள், பாட்டின் மூச்சிலேயே.

“சேகருக்கும் சோத்தாங்கைப் பக்கந்தான். கேட்டா அம்ம வடுன்னு சொல்லுவான்.”

சாலம்மாள் வைக்கோல் உருவத்தைப் பார்த்தாள். அதற்கு மூக்கு இல்லை. ஒரு மண்சட்டியைக் கவிழ்த்துத் தலையாக வைத்திருந்தார்கள். அதைத் தடவிப் பார்த்தாள். பிறகு, “எந்த ஆஸ்பத்திரி?” என்று மட்டும் கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டினார்கள். அவள் கத்தவில்லை. விரலை நீட்டி அந்தத் தழும்பின் மேல் வைத்தாள், அவ்வளவுதான். அவளைப் பிடித்துக்கொண்டிருந்த ரங்கம்மாள்தான் அலறினாள்.

வெளியே நடைவழியில் இன்ஸ்பெக்டர் ஒருவரும், கம்பெனியின் ஆள் ஒருவரும் நின்றார்கள். கம்பெனி ஆள் வெள்ளைச் சட்டை போட்டு, விரலில் சாவிக்கொத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“உம் பையன் பேரு என்னம்மா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“பாவாடைங்க.”

வெள்ளைச் சட்டைக்காரர் முகத்தில் வெளிச்சம் வந்தது. “பாத்தீங்களா சார்? பாவாடைன்னு எங்க சைட்ல ஒருத்தன் கிடையாது. யாரை வேணா கேளுங்க. வழியில போறவன் தண்ணியைப் போட்டுட்டு மேல ஏறியிருக்கான்.” பிறகு குனிந்து, குரலை இறக்கி, நல்ல மரியாதையாகவே சொன்னார். “அம்மா, நீங்க பாவாடையோட அம்மா. பொய் ஒண்ணும் சொல்ல வேணாம், அதை மட்டும் சொல்லுங்க. இப்பவே வண்டி ஏற்பாடு பண்றேன். இருட்டறதுக்குள்ள ஊர் போய்ச் சேந்துடலாம். வெயில் நாளு, உடம்பு தாங்காது பாருங்க.”

சாலம்மாள் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். கட்டடத் தொழிலாளர் சங்கத்துப் பொன்னுரங்கம் பக்கத்தில் வந்து குந்தினார். அவரும் பார்க்க வாடிப்போன மனுஷர்தான்.

“அம்மா, அவர் சொல்றது நெசந்தான். பாவாடைன்னு சொன்னா இப்பவே எடுத்துக்கினு போவலாம். ஆனா வழிப்போக்கன் குடிச்சிட்டு வுழுந்தான்னு கதைய முடிச்சிடுவாங்க. நாளைக்கே மறுபடி அதே கயித்துல ஆள ஏத்துவாங்க. சேகருன்னு சொன்னா, கூட வேல செஞ்சவங்க அத்தினி பேரும் சாட்சி, எங்க ஆளுதான்னு அவங்க ஒத்துக்கினு ஆவணும். ஒத்துக்கற வரைக்கும் நாம ஒடம்ப வாங்க முடியாது.”

“எம்மா நேரம் ஆவும்?”

“தெரியாதும்மா. உங்கள நான் கட்டாயப்படுத்த மாட்டன். நீங்க பெத்தவங்க.”

அவள் ரங்கம்மாளைப் பார்த்தாள். “எம் புள்ள இங்க எப்பிடிம்மா இருந்தான்?”

“இன்னா சொல்லுவன் யக்கா. அவன் போட்ட முடிச்சி அவுறாது. கரும்புக் கட்டுக்குப் போடற முடிச்சின்னு சொல்லுவான். இப்பக்கூட போய்ப் பாருங்க, முடிச்சி அப்பிடியே கீது. கயிறுதான் மக்கிப்போய் அறுந்துது. கயித்த மாத்துங்கன்னு அவன் காலையிலியே சொன்னான், எங் காதால கேட்டன்.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உச்சிக்குப் போனா ஒரு நிமிஷம் மேக்கால பாத்துக்கினு நிப்பான். இன்னாடா பாக்கறன்னா, மலை தெரியுதான்னு பாக்கறேம்பான். இங்கருந்து எந்த மலடா தெரியும்னு சிரிப்போம்.”

சாலம்மாள் முந்தானை முடிச்சைக் கையில் பிடித்துக்கொண்டாள். சாமி கொடுத்த பேர் அது. அந்தப் பேரால்தான் அந்தப் பிள்ளை இத்தனை வருஷம் உயிரோடு இருந்தான் என்று நம்பியவள். செத்தபிறகும் அவனிடமிருந்து அதைப் பிடுங்குவதா? பிடுங்காவிட்டால், அவன் ஏறின மாடி ஒவ்வொன்றும் அவன் ஏறாததாகிவிடும். அவன் முடிச்சு குடிகாரன் முடிச்சாகிவிடும்.

எழுந்தாள். இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றாள்.

“ஐயா, எம் மவன் பேரு சேகருங்க.”

“இப்பதான பாவாடைன்னீங்க?” என்று வெள்ளைச் சட்டைக்காரர் பாய்ந்தார்.

“அது நான் கூப்புட்ட பேருங்க. வேல வாங்கனது நீங்க. நீங்க கூப்புட்ட பேரு சேகரு.”

அவள் சாலைக்குத் திரும்பிவந்து பாடையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மறுபடி அழவில்லை. அன்று பகல் போயிற்று, மறுநாளும் வெயில் ஏறிற்று. போலீஸ் வந்து பேசினார்கள், விரட்டினார்கள், சிலரை வண்டியில் ஏற்றினார்கள். மிச்சமிருந்தவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். ஒரு மீன்காரி கூடையும் கையுமாக வந்து வாய்க்கு வந்தபடி ஏசினாள். “உங்காளு செத்தான்னா எம் மீனும் நாறணுமாடீ? ஐஸு ஒழுவிக்கினே போவுது. பொழுதோட விக்கலன்னா எவன் குடுப்பான் எங்க சோத்துக்கு?”

சாலம்மாள் எழுந்து கூடையில் ஒரு கை கொடுத்தாள். கூட்டத்தை விலக்கி, அந்தக் கூடையை அந்தப் பக்கம் கொண்டுபோய்த் தலையில் ஏற்றிவிட்டாள். மீன்காரி மூச்சு வாங்கிக்கொண்டே, “நீ யாரு, சித்தாளா?” என்றாள்.

“இல்லம்மா. செத்தவனப் பெத்தவ.”

மீன்காரி அவள் முகத்தை ஒருதரம் பார்த்தாள். கூடையோடு போய்விட்டாள்.

சாயந்திரம் கம்பெனி இறங்கிவந்தது. எங்கள் ஆள்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். போலீஸார் வழக்கு எழுதினார்கள். உடம்பை வண்டியில் ஏற்றும்போது அந்த மீன்காரி மறுபடி வந்தாள். இந்த முறை தலைக்கூடையில் மீன் இல்லை, மரத்தூள் போட்ட ஐஸ்கட்டி. “தூரமாப் போவணும் இல்ல?” என்று சொல்லி, யாரையும் பார்க்காமல் அதை வண்டிக்குள் அடுக்கிவிட்டு இறங்கினாள்.

ஊரில் இறக்கியபோது தெருவே கூடியிருந்தது. வண்டியோடு வந்த ரங்கம்மாளும் மற்றவர்களும் “சேகரு, சேகரு” என்று அழுதார்கள். தெருக்காரர்களுக்குப் புரியவில்லை. யார் பிள்ளையையோ தவறுதலாகக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று நினைத்து, மாயவனுக்கு ஒரு கணம் முகத்தில் நம்பிக்கைகூட வந்தது. அம்சவள்ளிதான் கிட்டே வந்து பார்த்தாள். மூக்குத் தழும்பைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ரங்கம்மாள், தான் பிரிக்காமல் வைத்திருந்த பொரிவிளங்காய்ப் பொட்டலத்தை அம்சவள்ளி கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். வேறு யாரிடம் கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை, பாவம்.

வழக்கம்போல் எல்லாரும் சாலம்மாள் ஒப்பாரி எடுப்பாள் என்று காத்திருந்தார்கள். அவள் எடுக்கவில்லை. “அங்கியே அழுதுட்டன்” என்றாள். “இவன்னு தெரியாமலே அழுதுட்டன்.”

மயானத்துக்குப் போகும் வழியில் அங்காளம்மன் கோயில் முன்னால் பாடையை ஒரு நிமிஷம் இறக்கச் சொன்னாள். சாவு அப்படி நிற்பது வழக்கமில்லை. யாரும் தடுக்கவில்லை. பாவாடைராயன் சிலையைப் பார்த்துச் சொன்னாள்: “கூட்டியாறன்னு சொன்னன், கூட்டியாந்துட்டன். அங்க ஒரு எடத்துல மட்டும் பேர மாத்திச் சொல்லிட்டன், சாமி. கோவிச்சுக்காத. அவன் செஞ்ச வேல அந்தப் பேர்ல கெடந்துது.”

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். வளையத்தைச் சாமி காலடியில் போடப்போனவள் நின்றாள். பிறகு திரும்பி வந்து, பிள்ளையின் மூக்குத் தழும்பின் மேல் அதை வைத்தாள். காதோடு வாய் வைத்து, விடிகாலையில் கரும்பு வெட்டுக்கு எழுப்புவாளே, அந்தக் குரலில், “பாவாட, டேய் பாவாட” என்று கூப்பிட்டாள். அந்த ஒரு தடவைதான். அணைப் பக்கத்துக் காற்று வீசியது, அவன் தலைமயிர் கொஞ்சம் அசைந்தது. அம்சவள்ளி ஓவென்று கத்தினாள்.

அந்தக் கட்டடத்தில் இப்போது ஆட்கள் குடியிருக்கிறார்களாம். அதற்குப் பிறகு சாரத்துக்குப் புதுக்கயிறு வந்ததாம், கீழே வலையும் கட்டினார்களாம். ரங்கம்மாள் மறு வருஷம் மாசித் திருவிழாவுக்கு வந்தபோது சொன்னாள். சாலம்மாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “உச்சியில நின்னா மலை தெரியுதாம்மா?” என்று கேட்டாள். ரங்கம்மாள், “லேசாத் தெரியுது யக்கா” என்று பொய் சொன்னாள்.

அவ்வளவுதான் கண்ணுங்களா. அழாதீங்க, எழுந்து முகம் கழுவுங்க. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்த ஊருக்குப் பிழைக்கப் போனாலும் அவர்கள் பிடிக்கிற கயிறு புதுசாக இருக்கட்டும். யார் எந்தப் பேர் சொல்லி வேலை வாங்கினாலும், நீங்கள் வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும் வாசலில் நின்று, “இன்னாம்மா?” என்று அவர்கள் கேட்கட்டும். உங்கள் வீட்டு உலையில் அவர்களுக்கும் சேர்த்துப் போட்ட அரிசி என்றைக்கும் மீந்துபோகாமல் இருக்கட்டும்.